விளக்கெண்ணெய் தடவிய கதவு

பையை மேல வைக்காதீங்க சார். மடியிலயே வச்சுக்கிடுங்க. மேல வச்சுட்டு அசந்துட்டோம்னா யாரு என்ன பண்ணுவான்னு தெரியாது. எடுத்துட்டுப் போறதச் சொல்லல. உள்ள எதையாவது போடுறதச் சொல்லுதேன். எங்கிட்ட இருந்து எடுக்கதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. என் பயம் பூராவும் குடுக்கவங்களப் பத்தித்தான்.

இப்ப கோவில்பட்டி ஸ்டாண்டுல ஜன்னல் வழியா ஒரு பொம்பள இந்தக் கவரைத் திணிச்சுட்டுப் போனாளே, பாத்தியள்லா? நான் கையை எடுக்கதுக்குள்ள மடியில போட்டுட்டா. அவதான் என் வீட்டுக்காரி, உலகம்மா. ஜூலை மாசத்துல இருந்து மக வீட்டுல இருக்கா, ரெஸ்டுக்கு. நான் இந்த பஸ்ஸுலதான் வாரேன்னு அவளுக்கு யாரு சொன்னா? நான் சொல்லல. வக்கீல்தான் சொல்லியிருக்கணும். அப்போ வக்கீலுக்கும் இவளுக்கும் பேச்சு இருக்கு. பாத்துக்கிடுங்க.

என்ன சொன்னான்னு கேட்டியளா? "பிரிச்சுப் படிங்க, நல்ல பேப்பர்தான்." அவ்வளவுதான். முகத்தக்கூட பாக்கல. முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அந்தால போயிட்டா. பனின்னா அவளுக்கு ஆகாது, வீசிங். இந்தப் பனியில காலையில ஆறரை மணிக்கு வந்து நிக்கணும்னா அந்தக் கவருல எவ்வளவு பெரிய விஷயம் இருக்கணும்? அதான் நான் பிரிக்கல. பிரிக்கவும் மாட்டேன்.

நீங்க என்ன வேலை பாக்கிய? சொல்லாட்டாலும் பரவாயில்ல. கவர்மென்ட் இல்லேல்லா? அது போதும்.

நான் ஒரு கழகத்துல உதவியாளர். அரசுக் கழகம்தான், எதுன்னு கேக்காதீங்க. பஸ்ஸுல பேரு சொல்லப்படாது. முப்பத்தியொரு வருஷ சர்வீஸு. அதுல இருபத்திரெண்டு வருஷம் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன். யாருக்கு டிரான்ஸ்ஃபர், யாருக்கு மெமோ, யாரு லீவுல போயிருக்கான், எல்லாம் என் சீட்டு வழியாத்தான் போவும். போன மாசம் என்னைய வேலைய விட்டே தூக்கிட்டானுவ. இன்னைக்கு ஐகோர்ட்டுல அதுக்கு இடைக்காலத் தடை கேக்கோம். கெடைச்சா மே மாசம் மாலையோட ரிட்டயர் ஆவேன். கெடைக்காட்டா முப்பத்தியொரு வருஷமும் வெறும் காத்து. அதுக்குத்தான் போயிக்கிட்டு இருக்கேன்.

ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

ஜூன் மாசம். பக்கத்து சீட்டுல பெர்சிஸுன்னு ஒரு அம்மா. எனக்கு ஒம்பது வருஷம் ஜூனியர். புருஷன் இல்ல, ஒரே மகன். வாய் பேசாது, வேலையில சுத்தம். அந்த மாதிரி ஆளைத்தான் கவனிக்கணும். ஒரு நாள் காலையில திடீர்னு கேக்குது: "அண்ணாச்சி, அக்காவுக்கு இப்ப இழுப்பு எப்படி இருக்கு?" நான் ஃபைலைப் புரட்டுனேன். தன் அம்மாவும் வீசிங்லதான் போனாவளாம், அதனால கேக்குதாம். ஆபீஸுல எவனாவது சும்மா கேப்பானா சார்? விவரம் சேக்குது. அன்னைக்கே மனசுல குறிச்சுக்கிட்டேன். சரியா ரெண்டு நாள் கழிச்சு எனக்குக் குன்னூருக்கு டிரான்ஸ்ஃபர்.

குன்னூரு! உலகம்மாவுக்கு ஃபேன் காத்தே ஆகாது. அங்க கூட்டிட்டுப் போனா ஒரு ஐப்பசியத் தாண்ட மாட்டா. தனியா விட்டுட்டுப் போனா ராத்திரி இழுக்கும்போது யாரு மூச்சு மிஷின் மாட்டி விடுவா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா ஒண்ணு, சார். இந்த வெளையாட்டு எனக்குத் தெரிஞ்ச மாதிரி எவனுக்கும் தெரியாது.

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வெறும் காயிதம். அதுக்கு அப்புறம் ஒண்ணு வரும், ரிலீவிங் ஆர்டர். "இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்"னு. அதைக் கையில வாங்கிட்டேன்னா கதை முடிஞ்சிட்டு. கோர்ட்டுக்குப் போனாலும், "அதான் விடுவிச்சாச்சே, எதுக்குத் தடை குடுக்க"ன்னு கேட்டுருவாவ. வாங்காத வரைக்கும் நாம பழைய சீட்டுலதான் இருக்கோம். அதனால டிரான்ஸ்ஃபர்னு காதுல விழுந்த உடனே மனுசன் செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு மெடிக்கல் லீவு. ரெண்டு, எவன் எதக் குடுத்தாலும் வாங்கப்படாது. ஸ்டே கையில வர்ற வரைக்கும் தண்ணி குடுத்தாக்கூட யோசிச்சு வாங்கணும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியளா? இருபத்திரெண்டு வருஷமா அந்தப் பேப்பரைக் குடுக்க ஆளு அனுப்புனதே நான்தானே! எங்க ஆபீஸ் தபால் பியூன் மாடக்கண்ணுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது நான். விடிய்ய அஞ்சு மணிக்குப் போ, பால் வாங்க வெளிய வருவான். வரலியா, மைதா பசையக் காச்சி எடுத்துட்டுப் போ, கதவுல ஒட்டு, செல்லுல போட்டோ எடு. ஒட்டியாச்சுன்னா வாங்குன மாதிரித்தான், சட்டம் இருக்கு. கதவைத் தட்டுனா எப்படிக் கூப்பிடணும்னுகூட சொல்லிக் குடுத்திருக்கேன். "சார், வாங்கிக்கிடுங்க சார், நல்ல பேப்பர்தான்." இன்கிரிமென்ட் ஆர்டரோ, பிஎஃப் சீட்டோன்னு நெனைச்சு ஆளு பல்லைக் காட்டிக்கிட்டு வெளிய வருவான். கையெழுத்துப் போட்டப்புறம்தான் படிப்பான். அந்த முகத்த மாடக்கண்ணு வந்து நடிச்சுக் காட்டுவான். செக்‌ஷனே சிரிக்கும்.

பெர்சிஸ் மட்டும் சிரிக்காது. அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான்.

தங்கராசுன்னு ஒரு டிரைவர். மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க உள்ள இலையில உக்காந்திருக்காவ. அன்னைக்கு ஒட்டச் சொன்னேன், வாசக்கதவுல. நான் சொந்தமா ஒண்ணும் செய்யல சார், சட்டப்படித்தான். அன்னைக்கு விட்டா ஆளு கெடைக்க மாட்டான். அந்த சம்பந்தம் நின்னு போச்சுன்னு பின்னால சொன்னாவ. அதுக்கு வேற காரணம் இருக்கும்.

சாத்தூரு தாண்டிட்டா? பின்னால சீட்டுல மஞ்சப் பை வச்சுக்கிட்டு ஒருத்தன் இருக்கான் பாருங்க, நேரா திரும்பாதீங்க. நெல்லையில இருந்து கண்ண மூடிக்கிட்டே வாரான். ஒருத்தன் இவ்வளவு நேரம் தூங்குவானா? நான் மெதுவாவே பேசுதேன்.

மெடிக்கல் லீவு போட்டுட்டு வீட்டுக்குள்ள போயி உக்காந்தேன். வாசக்கதவை வெளிய பூட்டிட்டு, பொறவாச வழியா, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குள்ள நொழைஞ்சு உள்ள வருவேன். பாக்கவனுக்கு வீடு பூட்டிக் கெடக்கு. செல்லை அமத்தி அலமாரியில வச்சாச்சு. இப்பல்லாம் வாட்ஸப்புல அனுப்பி, ரெண்டு நீலக் கோடு விழுந்தா பாத்துட்டான்னு எழுதிருதானுவ. சரி, இதெல்லாம் எல்லாரும் செய்வாவ. கதவுல ஒட்டுனா என்ன செய்ய? அங்கதான் என் மூளை.

ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் வாங்குனேன். வாசக்கதவு, நிலை, செவுரு, கேட்டு, எல்லாத்துலயும் ரெண்டு கோட்டு. மைதா பசை இல்ல, எந்தப் பசையும் நிக்காது.

உலகம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "ஊரெல்லாம் கதவுக்குப் பெயிண்ட்டு அடிப்பாவ, நீங்க எண்ணெய் தேச்சு விடுதிய. தீவாளியா அதுக்கு?" நான் சிரிக்கல. ஏளா, நீ பேசாம இருன்னேன்.

பத்து நாள் கழிச்சு மாடக்கண்ணு வந்தான். நான் உள்ள, கதவு இடுக்குல கண்ண வச்சு நிக்கேன். அவன் பேப்பரை அப்புதான், அது வழுக்கிக்கிட்டுக் கீழ வருது. திரும்ப அப்புதான், திரும்ப வருது. மூணாந்தடவ இவனே வழுக்கி விழுந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, துண்டை வாயில வச்சுக்கிட்டேன். அப்புறம் எந்திரிச்சு நின்னு கூப்பிடுதான் பாருங்க: "சார், உள்ள இருக்கியன்னு தெரியும் சார். வாங்கிக்கிடுங்க. நல்ல பேப்பர்தான் சார்."

எனக்கேவா! நான் சொல்லிக் குடுத்த பாடத்த எங்கிட்டயே ஒப்பிக்கான்.

கையில ஒட்டுன எண்ணெயத் துடைச்சான். அப்புறம், "சத்தியமா சார், இந்தத் தடவ நெசமாவே நல்ல பேப்பரு"ன்னான். குரலு கொஞ்சம் அழுவுற மாதிரி இருந்துச்சு. நடிப்பு அவனுக்குக் கைவந்த கலைன்னு எனக்குத் தெரியாதா? கடைசியில கேட்டுல சணலைப் போட்டுக் கட்டிட்டுப் போனான். அவன் தெரு முக்கு திரும்புன உடனே கம்பை வச்சு ஜன்னல் வழியாவே தள்ளி சாக்கடையில விட்டுட்டேன். பாக்கலேல்லா? பாத்தாத்தானே வாங்குன மாதிரி!

ரெஜிஸ்டர் தபால் வந்திச்சு. ஆளு இல்லன்னு திரும்பிப் போச்சு. இன்னொண்ணு வந்திச்சு. அதுவும் போச்சு. நான் அசையல.

அதுக்கப்புறம்தான் அந்தம்மா வந்திச்சு, பெர்சிஸு. வெள்ளிக்கெழம சாயங்காலம். அன்னைக்கு உலகம்மாவுக்குக் காலையில இருந்தே லேசா இழுப்பு. பூட்டிக் கெடக்க வீடு, ஜன்னலும் அடைப்பு, எண்ணெய் வாடை வேற. வாயில மருந்து அடிச்சும் கேக்கல. மிஷினைப் போட்டா சத்தம் கேக்கும், அதனால போடல. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புவோம்னு பொறவாசலத் தெறக்கப் போறேன், முன்னால செருப்புச் சத்தம்.

"அண்ணாச்சி, நான் பெர்சிஸ் வந்திருக்கேன். கதவைத் தெறக்க வேண்டாம். நான் சொல்லுதத மட்டும் கேளுங்க. உங்க ஆர்டர் ரத்தாயிட்டு. திங்கக்கெழம வந்து வழக்கம்போல கையெழுத்துப் போடுங்க. ஏழு நாள்ல ஜாயின் பண்ணணும்னு அதுல போட்டிருக்கு, அஞ்சு நாள் போயிட்டு. கேஸெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி."

எவ்வளவு தேர்ச்சி பாருங்க. மாடக்கண்ணு மாதிரி நல்ல பேப்பருன்னு மொட்டையா சொல்லல. தேதி, நாள், எல்லாத்தோடயும் சொல்லுது. நம்பிட்டு திங்கக்கெழம போயி நின்னா என்ன ஆவும்? மேனேஜர் ரூம்ல கூப்பிட்டு ரிலீவிங் ஆர்டரக் கையில திணிப்பானுவ. நான் உலகம்மாவப் பாத்து வாயில வெரலை வச்சேன். அவ செவுத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. சத்தம் வரப்படாதுன்னு துண்டை அவ கையில குடுத்தேன். அவளே வாயில வச்சுக்கிட்டா. நான் வைக்கல. அத நீங்க நல்லாக் கேட்டுக்கிடணும், நான் வைக்கல, அவளேதான்.

ஆனா இழுப்பு சத்தம் துண்டுக்கு அடங்குமா? வெளிய கேட்டிருச்சு. அந்தம்மா கதவுகிட்ட வந்திச்சு. அப்புறம் சொல்லுது, "அண்ணாச்சி, அக்காவுக்கு இழுக்குது. கேக்குது எனக்கு. நான் போயிருதேன். நான் நின்னா நீங்க வெளிய வர மாட்டிய. நான் போயிட்டேன், கூட்டிட்டுப் போங்க."

போற செருப்புச் சத்தமும் கேட்டுது, வேகமா. ஓட்டமா ஓடுன மாதிரி.

ஆனா நான் ஏமாறுவனா? முக்குல ஆட்டோல மாடக்கண்ணு உக்காந்திருப்பான், நான் வெளிய வந்த உடனே கையில குடுத்து போட்டோ எடுப்பான். இதை நானே ரெண்டு பேருக்குச் செஞ்சிருக்கேன். அதனால, ஏளா, கொஞ்சம் பொறுன்னேன். கடியாரத்தப் பாத்து அரை மணி நேரம் பொறுத்துத்தான் பொறவாச வழியா வெளிய வந்தோம். ஆட்டோவும் இல்ல, ஒருத்தனும் இல்ல. தெரு காலியா கெடந்துச்சு. அதுக்குள்ள அவளுக்கு ஒதடு நீலம் பாரிச்சுட்டு. நாலு நாள் ஆக்சிஜன்ல வச்சாவ. பொழைச்சுட்டா. மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா. போறப்ப ரெண்டு பேரும் திரும்பிக்கூடப் பாக்கல. மகளுக்கு நம்ம கேஸோட கஷ்டம் எங்க தெரியும்?

சரி, அத விடுங்க. நான் ஜெயிச்சேன், சார். அதச் சொல்லணும்லா.

மறு வாரம் ஐகோர்ட்டு. நம்ம வக்கீல் இல்யாஸ் எந்திரிச்சு, இன்னும் விடுவிக்கல, மனைவிக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாரு. கவர்மென்ட் வக்கீலு, ஆபீஸுல விவரம் கேட்டுச் சொல்லுதேன், டைம் வேணும்னாரு. ரெண்டு நிமிஷம்தான். நாலு வாரத்துக்கு இடைக்காலத் தடை! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. வெளிய வந்து கரும்புச் சாறு ரெண்டு கிளாஸ் குடிச்சேன். ஆறு பிரதி எடுத்தேன், ஒண்ணை லேமினேஷன் பண்ணுனேன்.

திங்கக்கெழம ஆபீஸுக்குப் போறேன். நெஞ்ச நிமித்திக்கிட்டு மேனேஜர் மேசையில தடையத் தூக்கி வைக்கேன். அவரு படிச்சாரு. திரும்பப் படிச்சாரு. "காந்திமதிநாதன், எதுக்குத் தடை வாங்கியிருக்கிய?"ன்னாரு. என் டிரான்ஸ்ஃபருக்குன்னேன். "அதுதான் பதினஞ்சு நாளைக்கு முன்னாலயே ரத்தாயிட்டே"ன்னு ஒரு காயிதத்தக் காட்டுதாரு. "ரத்து ஆணையப் பாத்தேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உங்க சீட்டுல போயி உக்காருங்க. லேட்டானத நான் பாத்துக்கிடுதேன்"னாரு.

கையெழுத்து! கடைசியில அங்கதான் வந்து நிக்கானுவ பாருங்க.

நான் யோசிச்சேன். கையெழுத்துப் போட்டா டிரான்ஸ்ஃபர் இல்லன்னு ஆயிரும். டிரான்ஸ்ஃபர் இல்லன்னா கேஸு இல்ல. கேஸு இல்லன்னா ஸ்டே இல்ல. ஸ்டே போன மறுநாளு புதுசா ஒரு ஆர்டர் போட்டா நான் எங்க போவேன்? அது இருக்குற வரைக்கும்தான் சார் நான் ராஜா. அத விட்டுக் குடுக்கணுமாம். மாட்டேன்னுட்டேன். லேமினேஷன் பண்ணுனத கக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வரும்போது பாத்தேன், பெர்சிஸ் சீட்டு காலி. எங்கன்னு கேட்டேன். குன்னூருன்னாவ. எனக்குப் பதிலா வேற யாராவது போயித்தான் ஆகணும்னு மேலிடத்துல சொன்னாவளாம். அந்தம்மாவே, நான் போறேன், அவரை விட்டுருங்கன்னு எழுதிக் குடுத்துட்டுதாம். சொல்லுதானுவ, கேட்டுக்கிட்டேன். மகன் பன்னெண்டாவது படிக்கான், அவன ஹாஸ்டல்ல தள்ளிட்டுப் போயிருக்கு. பெத்த தாய் எவளாவது சும்மா அப்படிச் செய்வாளா? அப்போ அங்க எவ்வளவு பெரிய ஆதாயம் இருக்கணும், நீங்களே சொல்லுங்க. ஆறு மாசமா அது என்ன ஆதாயம்னு யோசிக்கேன், இன்னும் புடிபடல.

புடிபடலங்கதுதான் சார் எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது.

அப்புறம் நடந்தது என்ன சொல்ல. நாலு வாரம் கழிச்சு கவர்மென்ட் வக்கீலு ரத்து ஆணையக் கோர்ட்டுல நீட்டிட்டாரு. இல்லாத டிரான்ஸ்ஃபருக்கு எதுக்குத் தடைன்னு ஜட்ஜு நம்ம வக்கீலைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. கேஸை மூடியாச்சு. இந்தப் பக்கம் ஆபீஸுல, வேலைக்கு வரல, மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டும் வரல, மெமோ குடுத்தும் பதில் இல்லன்னு விசாரணை. அந்த மெமோவெல்லாம் நான் வாங்கவே இல்லயே! நான் இல்லாமலே விசாரிச்சு, போன மாசம் பணிநீக்கம். அதை மட்டும் வாங்கிட்டேன். செவுத்துல எண்ணெய் காஞ்சு போயிருந்திச்சு, ஒட்டிட்டானுவ.

இப்ப அதுக்குத் தடை கேட்டுப் போட்டிருக்கோம். போன வாய்தாவுல ஜட்ஜு ஒரே ஒரு கேள்வி கேட்டாவ. "ரத்தான விஷயம் இவருக்கு உண்மையிலயே தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே வேலைக்கு வரலியா?" இல்யாஸ் வக்கீல் வெளிய வந்து எங்கிட்ட சொன்னாரு: "அண்ணாச்சி, ஆபீஸ் ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த ஆர்டர் இவர் கைக்குப் போகல, இவர் பயந்துபோயி உள்ள இருந்தாருன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் இடைக்காலத் தடை வாங்கிருவேன். இல்லன்னா கஷ்டம்." யாரு குடுப்பா? மாடக்கண்ணு குடுப்பானா? அவன் வேலை போயிரும்லா. என் செக்‌ஷன்ல ஒருத்தன் எனக்காக ஒரு டீ வாங்கிக் குடுக்க மாட்டான்.

விருதுநகரு வந்துட்டு. டீ குடிக்கியளா? வேண்டாம், எறங்காதீங்க. நான் எறங்கல. எறங்குனா இந்தக் கவரை என்ன செய்ய?

பாத்தியளா, அனுப்புன ஆளு பேரு மேல போட்டிருக்கு. பெர்சிஸ், குன்னூரு. எனக்கு நேரா அனுப்புனா வாங்க மாட்டேன்னு, உலகம்மா பேருக்கு, மக வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கு. விலாசம் யாரு குடுத்தா? இவளேதான். ரெண்டு பேரும் போன்ல பேசியிருக்காளுவ. என் முதுகுக்குப் பின்னால, எத்தன நாளா பேசுதாளுவளோ!

என்னத்த அனுப்பியிருக்கும்? வக்கீல் நோட்டீஸா இருக்கலாம். எம் மேல ஒரு புகாரா இருக்கலாம், தன்னைய மலைக்கு வெரட்டுனேன்னு. தங்கராசு கிங்கராசு பேரெல்லாம் சேத்து எழுதியிருக்கலாம். எதுவானாலும் எனக்குப் பழக்கம் சார். கெட்டதுன்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். பூட்டணும், எண்ணெய் தடவணும், கோர்ட்டுக்குப் போகணும்.

நீங்க என்ன சொல்லுதிய? அந்த ஒரு கையெழுத்தா இருக்கும்னா?

நீங்க ஏன் அப்படிச் சொல்லுதிய? உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள யாரு இந்த சீட்டுல உக்காரச் சொன்னா?

சரி, கோவிச்சுக்கிடாதீங்க. உக்காருங்க. சும்மா கேட்டேன். பழக்கம்.

உண்மையச் சொல்லட்டா? கோவில்பட்டியில இருந்து எனக்கும் அதுதான் ஓடுது. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், நீங்க சன்னலப் பாத்துக்கிட்டு இருந்திய. உள்ள பச்சை நெறத்துல பேப்பர் தெரியுது. பத்திரப் பேப்பரு மாதிரி. அடியில ரப்பர் ஸ்டாம்பு. நோட்டரி முத்திரை எனக்குத் தெரியாதா? புகாரை எவனும் முத்திரைத்தாளுல எழுத மாட்டான்.

எனக்குப் பயமா இருக்கு சார். தடை கெடைக்காதுன்னு இல்ல. இது நல்ல பேப்பரா இருந்துட்டா என்ன செய்யன்னுதான் பயம்.

இது நல்ல பேப்பருன்னா, அன்னைக்கு அந்தம்மா கதவுக்கு வெளிய நின்னு சொன்னதும் நெசம். மாடக்கண்ணு அழுததும் நெசம். நான் கம்பால தள்ளி சாக்கடையில விட்டது என் ரத்து ஆணை. சரி, அது போட்டும், வேலைதானே. ஆனா அந்த அரை மணி நேரம்? ஆட்டோவுல ஒருத்தனும் இல்ல. வெளிய யாருமே இல்ல. யாருமே இல்லாத தெருவுக்குப் பயந்து அவ வாயில துண்டை வச்சுக்கிட்டு, என்னையவே பாத்துக்கிட்டு, அரை மணி நேரம் இழுத்துக்கிட்டுக் கெடந்தா சார். நான் கடியாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

துண்ட அவ வைக்கல. நான்தான் வச்சேன்.

கப்பலூரு பாலம் வந்துட்டு. இன்னும் அரை மணி நேரத்துல மாட்டுத்தாவணி. சார், ஒரு உபகாரம். நீங்க பிரிங்க. பிரிச்சு மனசுக்குள்ள படிங்க, வாயை அசைக்காம. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் உங்க முகத்த மட்டும் பாக்கேன். இருபத்திரெண்டு வருஷம் பேப்பர் குடுத்திருக்கேன், வாங்குனவன் முகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும்.

ஓரத்துல கிழிங்க. மெதுவா. முத்திரையில படாம.

என்ன சார், ரெண்டாந்தடவ படிக்கிய?

கண்ணாடிய ஏன் கழட்டுதிய?

சொல்லாதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க சார். குடுங்க. வக்கீலு கையில குடுத்துருதேன். அவங்க பன்னெண்டாவது படிக்க பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு அந்தக் குளுருல உக்காந்து எனக்காக இதை எழுதியிருக்காவ. ஆதாயம் என்னன்னு ஆறு மாசமாத் தேடுனேனே. அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருய்யா எங்கிட்ட சொன்னா?

பேனா இருக்கா சார் உங்ககிட்ட? என் பேனாவ நான் வெளிய கொண்டு வர்றதே கெடையாது, எங்கயாவது கையெழுத்து வாங்கிருவானுவன்னு.

நீலமா, கறுப்பா? எதுவானாலும் சரி. இந்தக் கவரு பின்னால எழுதணும். பேப்பர் வாங்குனா எழுதணும்லா, அதுதான் முறை. "பெற்றுக்கொண்டேன்." இந்தா, எழுதிட்டேன். பேரு, காந்திமதிநாதன். கையெழுத்து. பஸ்ஸு ஆட்டத்துல கோணிட்டு, பரவாயில்ல.

கீழ தேதி போடணும். எந்தத் தேதி சார் போட? இன்னைக்குத் தேதியா, அந்த வெள்ளிக்கெழம தேதியா?